துணியின் ஓரத்தில் ஒரு பெயர்

பரிஸ் நகரசபைக்கு அருகே உள்ள பே-அஷ்-வே பேரங்காடியில் 2025 நவம்பர் 5ஆம் திகதி ஷீன் நிறுவனம் தனது முதலாவது நிரந்தரக் கடையைத் திறந்தது. ஒரு பக்கம் வாங்க வந்தவர்களின் வரிசை, மறுபக்கம் எதிர்ப்பாளர்களின் பதாகைகள். ஷீனோடு ஒரே கூரையின் கீழ் இருக்க விரும்பாத சில பிரெஞ்சு நிறுவனங்கள் அந்த அங்காடியை விட்டே வெளியேறின. அதே ஆண்டு யூலையில், பொய்யான விலைக்கழிவு காட்டியதற்காக பிரெஞ்சு அதிகாரிகள் ஷீனுக்கு 40 மில்லியன் யூரோ அபராதம் விதித்திருந்தார்கள். செப்ரெம்பரில் இணையத்தளக் கண்காணிப்பு விதிகளை மீறியதற்காக இன்னொரு 150 மில்லியன் யூரோ.

இந்த வாக்குவாதத்தில் சுற்றுச்சூழல் பேசப்பட்டது, தொழிலாளரின் கூலி பேசப்பட்டது, சுங்கவரி பேசப்பட்டது. ஒரு கேள்வி மட்டும் பின்னால் தள்ளப்பட்டது. பத்து யூரோவுக்கு விற்கும் அந்தச் சட்டையில் இருக்கும் பூவை வரைந்தவர் யார்?

லா சப்பலிலும் ஈஸ்ட்ஹாமிலும் ஸ்காபரோவிலும் வாழும் எங்கள் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி மூன்று பக்கத்தால் வந்து முட்டுகிறது. நாங்கள் அதிகம் துணி வாங்கும் சமூகம். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோவில் திருவிழா என்று வருடம் முழுவதும் உடுபுடவைச் செலவு இருக்கிறது. இரண்டாவது, இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் சிலர் இப்போது துணி வடிவமைப்பையே தொழிலாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றாவது, உலகத்தின் அச்சுத்துணி வரலாற்றிலேயே பெயர் இழந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தனித்து இயங்கும் ஒரு வடிவமைப்பாளரைத் தேடிக் கண்டுபிடிப்பதன் பெறுமதி விளங்கும்.

ஒரு பூ எப்படி விற்கப்படுகிறது

துணியில் அச்சிடும் டிசைன் ஒரு படம் வரைவது போன்றதல்ல. படத்துக்கு நான்கு ஓரம் உண்டு, துணிக்கு முடிவில்லை. ஆகவே வரைபவர் ஒரு சதுரத்தை வரைந்து, அதன் வலது ஓரம் இடது ஓரத்தோடும் மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் பொருந்தும்படி அமைக்க வேண்டும். அந்தச் சதுரம் திரும்பத் திரும்ப வரும்போது எந்த இடத்தில் ஒட்டியது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. பூக்களுக்கு இடையில் விடும் வெற்றிடம் கோடாகத் தோன்றக்கூடாது. கோலம் போடும் கைக்கு இந்தக் கணக்கு ஓரளவு புரியும்.

இப்படி வரைந்ததை விற்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, முழு உரிமையையும் ஒரே தொகைக்குக் கொடுத்துவிடுவது. பெரிய துணிக் கண்காட்சிகளில் வடிவமைப்புக் கூடங்கள் தாள் தாளாக விற்பது இப்படித்தான். வாங்கிய நிறுவனம் தன் பெயரில் வெளியிடும். வரைந்தவரின் பெயர் அந்த மேசையோடு முடிந்துவிடும். இரண்டாவது, உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டுக்கு, இந்த வகைப் பொருளுக்கு என்று அனுமதி கொடுத்து விற்பனையில் பங்கு பெறுவது. மூன்றாவது, தானே அச்சிட்டுத் தானே விற்பது.

மூன்றாவது வழி முன்பு பணக்காரருக்கே சாத்தியம். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை செய்ய வேண்டும். ஆறு நிறமென்றால் ஆறு திரை. அந்தச் செலவை ஈடுகட்ட நூற்றுக்கணக்கான மீற்றர் அச்சிட்டாக வேண்டும். கணினியில் இருந்து நேராகத் துணியில் மை தெளிக்கும் முறை வந்ததும் ஒரு மீற்றர்கூட அச்சிடலாம் என்றாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2008இல் தொடங்கிய ஸ்பூன்பிளவர் என்ற நிறுவனம் இதையே வியாபாரமாக்கியது. யாரும் தமது டிசைனை ஏற்றலாம். வாங்குபவர் கேட்கும் அளவுக்கு மட்டும் அச்சிடப்படும். வரைந்தவருக்கு ஒரு சிறு பங்கு. 2021இல் ஷட்டர்பிளை நிறுவனம் அதை 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதாவது தனியாட்களின் பூக்களைச் சேர்த்து வைத்த ஒரு சந்தைக்கு அவ்வளவு பெறுமதி இருந்தது.

கதவு திறந்தது நல்லது. ஆனால் அதே கதவால் திருடரும் வந்தனர். வாங்குபவர் பார்க்கும் அதே தெளிவான படத்தைக் கொப்பி எடுப்பவரும் பார்க்கிறார்.

கொப்பி எடுப்பதன் பொருளாதாரம்

2023 யூலையில் அமெரிக்காவின் மூன்று தனி வடிவமைப்பாளர்கள் ஷீனுக்கு எதிராக லொஸ் ஏஞ்சல்ஸில் வழக்குத் தொடர்ந்தார்கள். ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களுக்கு எதிரான சட்டத்தையும் தங்கள் மனுவில் சேர்த்தது பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எந்த டிசைன் மக்களிடம் எடுபடுகிறது என்பதை மென்பொருளே கண்டுபிடிக்கிறது, பிறகு அதைச் சிறு தொகையாகச் செய்து பார்க்கிறார்கள், யாராவது முறையிட்டால் அது ஏதோ ஒரு வழங்குநரின் தவறு என்று சொல்லப்படுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படுவது வேறு விடயம். ஆனால் அதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். நூறு துண்டு செய்து விற்றால் கிடைக்கும் இலாபம் சிறியது. அதற்காக ஒரு தனியாள் சட்டத்தரணி வைத்து வழக்காடினால் செலவு பல மடங்கு. பறிபோவது சிறிது சிறிதாக இருப்பதால் எதிர்ப்பதற்குக் கட்டுப்படியாகாது. தனித்து நிற்பவரின் பலவீனம் இதுதான்.

கொப்பி என்றால் மலிவுக்கடைகள் மட்டும் என்றும் நினைக்கக்கூடாது. பின்லாந்தின் மரிமெக்கோ, வரைந்தவரின் பெயரையும் ஆண்டையும் துணியின் ஓரத்திலேயே அச்சிடும் மரபுள்ள நிறுவனம். மாயா இசோலா 1964இல் வரைந்த உனிக்கோ பூ உலகப் புகழ் பெற்றது அப்படித்தான். அதே நிறுவனத்தின் ஒரு டிசைன், உக்ரைனின் நாட்டுப்புற ஓவியர் மரியா பிரைமச்சென்கோ 1963இல் வரைந்த ஓவியத்தைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பது 2013இல் வெளியே வந்தது. அது அப்போது பின்எயார் விமானம் ஒன்றின் உடலிலேயே தீட்டப்பட்டிருந்தது. வரைந்தவர் ஒத்துக்கொண்டார், விமானத்தில் இருந்து படம் அகற்றப்பட்டது. ஓரத்தில் பெயர் போடும் வழக்கம் இருந்ததால்தான் யாரைக் கேட்பது என்பது தெரிந்தது. பெயர் புகழுக்கு மட்டும் உரியதல்ல, பொறுப்புக்கும் உரியது.

பெயர் தெரியாத வர்ணக்காரர்

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். ஊரில் சீத்தை என்றும் தமிழகத்தில் சீட்டி என்றும் சொன்ன பூப்போட்ட பருத்தித்துணியை எங்கள் அம்மம்மாக்கள் வீட்டுச் சட்டைக்குத்தான் வாங்கினார்கள். மலிவான துணி என்றே எங்கள் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவையே கிறுக்காக்கிய துணி அதுதான். சோழமண்டலக் கரையில், தமிழரும் தெலுங்கரும் கையால் வரைந்தும் அச்சுக்கட்டையால் பதித்தும் செய்த பருத்தித்துணிகளை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள்.

அவர்கள் வியந்தது, தோய்த்தாலும் போகாத நிறத்தைக் கண்டுதான். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரத்தால் வரைந்து, பிறகு சாயவேரோடு அவிப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரியில் தோய்ப்பார்கள். அந்தச் சிவப்பைக் கொடுத்த சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோர மணலிலும் விளைந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அந்த வேர் கம்பனியின் பிடிக்குள் இருந்தது. உலகச் சந்தைக்குப் போன பூவில் எங்கள் மண்ணின் வேரும் இருந்தது.

உள்ளூர் நெசவாளரைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686இல் இந்த அச்சுத்துணிகளைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1700இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றித் தடுத்தது. தடை இருந்த காலத்திலேயே நுட்பத்தைக் கற்கும் வேலையும் நடந்தது. புதுச்சேரியில் இருந்த யேசுசபைக் குரு கேர்து, கிறிஸ்தவராகிய சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த முறைகளை 1742இல் கடிதமாக எழுதி அனுப்பினார். அது பிரான்சில் அச்சாகியது. எழுதியவரின் பெயர் வரலாற்றில் நின்றது. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்கள் எங்களிடம் வந்து சேரவில்லை.

தடை நீங்கிய மறுவருடமே, 1760இல், வெர்சாய்க்கு அருகே ஷூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தனது அச்சுத்துணித் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவரது துணிச் சுருள்களின் முனையில் தொழிற்சாலையின் பெயரும் நிறம் போகாது என்ற உறுதியும் முத்திரையாகப் பதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1787இல் ஒரு சட்டம் வந்தது. புதிய டிசைனை அச்சிட்டவருக்கு இரண்டு மாதம் தனியுரிமை. ஆனால் துணியின் இரு முனையிலும் உரியவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பிரித்தானியாவின் வடிவமைப்புச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அதுதான். சோழமண்டலக் கரையில் இருந்து கற்றுக்கொண்ட தொழிலில், கற்றுக்கொண்டவர்கள் முதலில் செய்த காரியம் தங்கள் பெயரைத் துணியின் ஓரத்தில் போட்டுச் சட்டத்தால் பூட்டியது.

ரொறொன்ரோவில் உள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் இந்தத் துணிகளின் மிகச்சிறந்த சேகரங்களில் ஒன்றை வைத்திருக்கிறது. 2020இல் அதற்கென்றே ஒரு பெரிய கண்காட்சியும் நடத்தியது. பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகலாம். குறிப்புப் பலகைகளைப் பாருங்கள். இடம் இருக்கும், காலம் இருக்கும். வரைந்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் வெறுமை.

சட்டம் எவ்வளவு கைகொடுக்கும்

அந்த வெறுமை எங்கள் பிள்ளைகளுக்கும் தொடரவேண்டியதில்லை. அவர்கள் வாழும் நாடுகளில் சட்டம் உண்டு; தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரித்தானியாவில், கையால் வரைந்த துணி டிசைன் கலைப்படைப்பாகக் கருதப்படும். பதியாமலே பதிப்புரிமை உண்டு; வரைந்தவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும். டிசைனர்ஸ் கில்ட் நிறுவனத்தின் இக்சியா என்ற துணியில் கோடுகளின் மேல் தூரிகையால் சிதறியதுபோலப் பூக்கள் இருந்தன. இன்னொரு நிறுவனத்தின் மார்கரீற் என்ற துணியிலும் அப்படியே. தனித்தனியாகப் பார்த்தால் வேறுபாடுகள் இருந்தன. ஆனாலும் முக்கியமான பகுதி எடுக்கப்பட்டிருக்கிறது என்று பிரபுக்கள் சபை 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நாலு இதழை மாற்றிவிட்டால் கொப்பி இல்லை என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

கனடாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பயன்பாட்டுப் பொருள் ஒன்றின் வடிவம் 50க்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியாகிவிட்டால் அதற்குப் பதிப்புரிமையால் பெரிய பாதுகாப்புக் கிடைக்காது. ஆனால் துணியாக வெட்டி விற்கும், உடை தைக்கும் பொருட்களின் டிசைனுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. ஆகவே அச்சுத்துணி வரைபவர் அங்கே நல்ல நிலையில் இருக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பதியாத டிசைனுக்கு 3 ஆண்டு, பதிந்தால் 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பித்து 25 ஆண்டு வரை பாதுகாப்பு. 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, பதிந்தவர் வட்டத்துக்குள் டி எழுத்தைப் போட்டுத் தன் உரிமையைக் காட்டலாம். 1787இன் துணியோரப் பெயருக்கு இது பேத்தி முறை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின், இலண்டனில் மட்டும் முதலில் வெளியிட்ட டிசைனுக்கு அந்த 3 ஆண்டு ஐரோப்பிய உரிமை கிடைக்காமல் போகலாம். இலண்டனிலும் பரிசிலும் உறவுகள் உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பதிவு முக்கியம். யுனிகலர்ஸ் என்ற துணி நிறுவனம் 31 டிசைன்களை ஒரே விண்ணப்பத்தில் பதிந்திருந்தது. அதில் ஒன்றைக் கொப்பி எடுத்ததாக எச் அன்ட் எம்முக்கு எதிராக வழக்கு வைத்து வென்றபோது, ஒன்றாகப் பதிந்தது விதிப்படி பிழை என்று எதிர்த்தரப்பு கிளப்பியது. சட்டம் தெரியாமல் செய்த பிழைக்காகப் பதிவு செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் 6க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடர்ந்த 2016இல் இருந்து எண்ணினால் 6 ஆண்டு. ஒரு நிறுவனத்தால் தாங்க முடிந்தது. வீட்டு மேசையில் இருந்து வரையும் பிள்ளையால் முடியுமா என்பது வேறு கேள்வி.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. இரண்டு வரி எழுதினால் பத்துப் பூந்துணி டிசைன் கிடைக்கிறது. வெறும் கட்டளைச் சொற்களால் பிறந்த படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 சனவரியில் அறிக்கை வெளியிட்டது. இதன் விளைவைக் குடும்பங்கள் எதிர்பாராத திசையில் பார்க்கலாம். கையால் வரைந்த தாள், திகதி போட்ட முதற்கோடுகள், அழித்துத் திருத்திய பக்கங்கள், இவை இனி வெறும் நினைவுப்பொருட்கள் அல்ல, உரிமைக்குச் சாட்சி. பிள்ளையின் வரைதாள்களைக் குப்பையில் போடாதீர்கள்.

எங்கள் கடைகள், எங்கள் விழாக்கள்

மற்றவர்களைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. எங்கள் புடவைக்கடைகளில் கலம்காரி என்று விற்கப்படும் பல சாறிகள் பொலியெஸ்ரரில் இயந்திரம் தெளித்த படங்கள். கலம் என்பது எழுதுகோல். அதைக் கையில் பிடித்து வரைவதால் வந்த பெயர் அது. தஞ்சைப் பகுதியின் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சில குடும்பங்கள் நாட்கணக்கில் வரைவதன் பெயரை, நிமிடத்தில் அச்சிட்ட துணி எடுத்துக்கொள்கிறது. மலிவான துணி வாங்குவதில் பிழையில்லை. எல்லோருக்கும் வசதி ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆனால் அச்சை அச்சு என்று சொல்லி விற்கவேண்டும்.

விழா நடத்துவோரும் அப்படித்தான். இன்ஸ்ரகிராமில் பிடித்த பூவை எடுத்து மண்டபத் திரைக்கும் மேசை விரிப்புக்கும் அச்சிடக் கொடுத்துவிடுகிறோம். நவம்பரில் கார்த்திகைப்பூ பதித்த உடைகளில் ஒரே படம் நாடு நாடாகச் சுற்றுகிறது. எங்களுக்கு அவ்வளவு முக்கியமான ஒரு பூவை எங்கள் பிள்ளை ஒருவரிடம் புதிதாக வரைந்து தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

கொப்பிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது என்று வாதிடுபவர்கள் எம்.ஐ.ஏ.யைச் சுட்டிக்காட்டுவார்கள். இலண்டனில் வளர்ந்த எங்கள் மாயா அருட்பிரகாசம், 2013இல் வெர்சாச்சியின் வேர்சஸ் பிரிவோடு சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். இலண்டன் தெருச்சந்தைகளில் விற்ற போலி வெர்சாச்சி அச்சுகளை எடுத்து, அவற்றையே டிசைனாக்கி, அசல் நிறுவனத்தின் பெயரிலேயே விற்க வைத்தார். வசதியற்றவர்கள் பெரிய பெயரைக் கொப்பி எடுத்ததைப் பெரிய பெயரே திரும்ப வாங்கிக்கொண்ட வேடிக்கை அது. பலமானவரிடம் இருந்து பலவீனமானவர் எடுப்பதும், பலவீனமானவரிடம் இருந்து பலமானவர் எடுப்பதும் ஒன்றல்ல என்பதை அது காட்டியது. தனித்து வரையும் ஒருவரின் பூவை நாங்கள் எடுத்து அச்சிடும்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை நாங்களே யோசிக்கலாம்.

எங்கே தேடுவது, எதைக் கேட்பது

தேடுவது கடினமல்ல. இலண்டன் இஸ்லிங்ரனில் ஒவ்வொரு கோடையிலும் நியூ டிசைனர்ஸ் கண்காட்சி நடக்கிறது. பட்டம் முடித்த மாணவர் தங்கள் துணிகளோடு அங்கே நேரே நிற்பார்கள். ரொறொன்ரோவில் வண் ஒவ் ஏ கைண்ட் கண்காட்சி 1975 முதல் நடக்கிறது. செய்தவரே விற்பதுதான் அதன் வழக்கம். கலைக்கல்லூரிகளின் ஆண்டிறுதிக் காட்சிகளுக்கு அனுமதி பெரும்பாலும் இலவசம். இணையத்தில் தேடுவோர், ஒரே கையின் சாயல் எல்லா டிசைனிலும் தெரிகிறதா, வரைந்த தாளின் படமும் செய்முறையும் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். படத்தை வைத்துத் தேடும் வசதியால் அதே பூ வேறு யாருடைய பெயரில் முன்பே இருக்கிறது என்பதையும் அறியலாம். காம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத பூவைக் கண்டால் சற்று நிதானியுங்கள்.

கடையில் மூன்று கேள்வி போதும். இதை வரைந்தவர் யார்? எங்கே அச்சிட்டது? அவருக்குப் பங்கு போகிறதா? முதல் தடவை கடைக்காரருக்குப் பதில் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் கொள்முதல் செய்யும் இடத்தில் அவரும் கேட்பார்.

ஊர்ச் சங்கங்களும் கோவில் சபைகளும் இதைவிட மேலாகச் செய்யலாம். ஆண்டுவிழாச் சாறியோ சால்வையோ ரீசேர்ட்டோ அச்சிடும்போது, இங்கே வளர்ந்த ஒரு பிள்ளையிடம் வரையக் கொடுங்கள். கூலியை முன்கூட்டியே பேசுங்கள். உரிமை அவரிடமே இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது அந்த விழாவுக்கான அனுமதி மட்டும். அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். எங்கட பிள்ளைதானே என்று இலவசமாக வாங்குவது அன்பு போலத் தெரிந்தாலும், அந்தத் தொழிலுக்கு விலையில்லை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதுதான். வைத்தியமும் பொறியியலும் படித்த பிள்ளையிடம் அப்படிக் கேட்க மாட்டோம்.

அச்சிடும்போது துணியின் ஓரத்தில் வரைந்தவரின் பெயரையும் ஆண்டையும் போடச் சொல்லுங்கள். அதற்கு மேலதிக செலவு இல்லை. தைக்கும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போனாலும், சுருளில் பெயர் இருந்தது என்பது பதிவாகிவிடும். சோழமண்டலத்தின் வர்ணக்காரருக்கு அது கிடைக்கவில்லை. இவர்களுக்குக் கிடைக்கச் செய்வது எங்கள் அடுத்த கொள்முதலிலேயே தொடங்கலாம்.